ஈதர் நெடியில் ஒரு கற்பூரத் தட்டு

நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தபோது, ஆஸ்பத்திரியில் ஆபத்து என்றால் ஒட்டுகிற நோய் மட்டுமே என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். நானும் ஓயாமல் கைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை தீபத்தன்று மாலை, திருவண்ணாமலையில் நான் வேலை பார்க்கும் சிறிய மருத்துவமனையில் அவசர அறுவை சிகிச்சை ஒன்று முடிந்திருந்தது. நோயாளிப் பெண் மயக்கம் தெளியாமல் மேசையில் கிடந்தாள். மயக்கத்துக்குக் கொடுத்த ஈதரின் நெடி அறையில் இன்னும் அடங்கவில்லை. மலையில் தீபம் தெரிந்ததும், ஆயா முனியம்மா கற்பூரத் தட்டை ஜன்னலோரம் வைத்தார்.

"ஏத்தட்டுமா நர்ஸம்மா?"

"ஏத்துங்க" என்றேன்.

தூறலில் நமுத்துப்போன முதல் குச்சி பற்றவில்லை. அடுத்ததை எடுப்பதற்குள் கம்பவுண்டர் ஓடிவந்து தீப்பெட்டியைப் பிடுங்கினார்.

"ஈதர் குப்புனு பத்திக்கும்மா! மலை மேல ஏத்தினது பத்தாதா, நம்மளையும் சேத்து ஏத்தணுமா?"

"நர்ஸம்மாதான் ஏத்தச் சொன்னாங்க" என்றார் முனியம்மா. படித்தவள் நான், தலைகுனிந்தேன்.

இப்போதெல்லாம் தீபத்தன்று மதியமே எல்லோருடைய தீப்பெட்டிகளையும் வாங்கி மொட்டை மாடிக்கு அனுப்பிவிடுகிறேன். கற்பூரம் அங்கேதான்.

கம்பவுண்டர் காலமாகிவிட்டார். முனியம்மாவும் நானும் இருக்கிறோம். அன்று மேசையில் கிடந்த பெண், ஆண்டுதோறும் தீபத்தன்று எங்களுடன் மாடியில் நிற்கிறாள்.