பம்புசெட்டு வள்ளமும் நாலு எலுமிச்சம்பழமும்

எனக்குக் கல்யாணமான முதல் பொங்கலுக்கு அப்பா சீர் கொண்டுவந்தார். கரும்பு, வெண்கலப் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து எல்லாம் ஒரு குறையுமில்லாமல் வந்திறங்கின. மருமகனோடு பேச வேண்டிய நாலு வார்த்தையை மட்டும் அன்னவாசல் வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

அப்பா எனக்கு ஒரு தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவைப் பார்த்து வைத்திருந்தார். நானும் அம்மாவும் கட்சி சேர்ந்துகொண்டு அம்மாவின் அண்ணன் மகனைத்தான் கட்டுவேன் என்று சாதித்துவிட்டோம். "இஞ்சினக் கட்டிக்கிட்டு அழுகுற பய" என்பது என் வீட்டுக்காரரைப் பற்றி அப்பாவின் அபிப்பிராயம். தாரை வார்த்துக் கொடுத்ததோடு சரி, அதற்குப் பிறகு எது பேசுவதானாலும் என் வழியாகத்தான். எதிரெதிரே இலை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். "ஆத்தா, அவருக்கு இன்னும் ரெண்டு வடை வேணுமான்னு கேளு" என்பார் அப்பா. "போதும்னு சொல்லு" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கும் வீம்பு. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது. ஆயுசு பூராவும் நான் இந்தத் தபால் உத்தியோகம் பார்க்க முடியுமா? அப்பா ஊருக்குத் திரும்புவதற்குள் இரண்டு பேரையும் நேருக்கு நேர் பேச வைத்துவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்துவிட்டதால் தை பிறந்தும் கண்மாய் கரை தளும்ப நின்றது. கண்மாய் நிறைந்திருந்தால் கிணற்றடி டீசல் இஞ்சினுக்கு வேலை கிடையாது. சும்மா கிடக்கிற இஞ்சினைப் பார்த்தால் என் வீட்டுக்காரருக்குத் தூக்கம் வராது. முன்பு ஒரு நாள் வயலில் தண்ணீர் பீய்ச்சிய ஓஸ் பைப்பு துள்ளி, அதைப் பிடித்திருந்த கூலியாளைச் சேற்றில் உட்கார வைத்தது. எல்லோரும் ஆளைத் தூக்க ஓடினார்கள். இவர் மட்டும் ஓஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் பீய்ச்சினால் முன்னால் போகத்தானே வேண்டும் என்று அன்றைக்கு அவர் மண்டையில் ஏறியதுதான் வினை.

மீமிசல் கடற்கரைப் பக்கமிருந்து, மீன் பிடிக்கிற பழைய வள்ளம் ஒன்று மாட்டு வண்டியில் வந்தது. இஞ்சினையும் பம்பையும் அதற்குள் இறக்கி போல்ட்டுப் போட்டு முடுக்கினார். அடியில் ஒரு குழாய் கண்மாய்த் தண்ணீரை உறிஞ்சும், பின்னால் ஒரு குழாய் அதைப் பீய்ச்சியடிக்கும். அதில் கொஞ்சம் தண்ணீர் விரல் பருமனுள்ள ரப்பர் டியூப் வழியாக இஞ்சினுக்குள் போய், சூட்டை வாங்கிக்கொண்டு பக்கவாட்டில் வெளியே விழும். கரையோரமாக ஓட்டிப் பார்த்ததில் உறிஞ்சுகிற வாயிலிருந்த சல்லடையில் பாசி அடைத்தது. சல்லடையையே கழற்றிவிட்டார். இனிமேல் பிய்த்துக்கொண்டு போகும் என்றார்.

காணும் பொங்கலன்று முதன்முதலாக ஆள் ஏற்றினார். ஆள் என்றால் நானும் அப்பாவும்தான். கையைப் பிடித்து இழுக்காத குறையாக அப்பாவைக் கரைக்குக் கூட்டி வந்திருந்தேன்.

"ஆத்தா, எலுமிச்சம்பழம் வைக்காம புது வண்டிய எடுப்பாங்களான்னு கேளு" என்றார் அப்பா.

"வைக்கலாம், சக்கரம் எங்கிட்டு இருக்குன்னு கேளு" என்றார் இவர்.

அப்பா சளைக்கவில்லை. பஸ்ஸுக்கு நாலென்றால் இதற்கும் நாலு என்று, வள்ளத்தின் மூக்குக்கு முன்னால் நாலு பழத்தைத் தண்ணீரில் மிதக்க விட்டார். இஞ்சின் முழங்கியது. பழங்களின் மேலேறி வள்ளம் கிளம்பியது. பின்பக்கம் எத்தனை பழம் வெளியே வந்தது என்று யார் எண்ணினார்கள்!

அம்மாடி, அந்த வேகத்தை என்ன சொல்ல! கொக்கெல்லாம் அலறிக்கொண்டு பறந்தன. என் பின்னல் அவிழ்ந்து முகத்தில் அடித்தது. அப்பா ஒரு கையால் துண்டையும் மறு கையால் வள்ளத்தின் விளிம்பையும் பிடித்துக்கொண்டு, தன்னை மறந்து சிரித்தார். அப்பாவின் கடைவாய்ப் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன். "இம்புட்டுத்தான் வேகமான்னு கேளு!" என்று என் வலது காதில் கத்தினார். நான் இவர் பக்கம் திரும்பிக் கத்தினேன். "இன்னும் இருக்குன்னு சொல்லு!" என்று இடது காதில் பதில் வந்தது. இரண்டு காதும் அடைத்துப்போய், எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

நடுக்கண்மாயில் இஞ்சினின் குரல் மாறியது. பெயிண்ட் கருகுகிற நெடி. பக்கவாட்டில் கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாகி, வெறும் ஆவியாகிவிட்டது. அப்பா சொம்பில் கண்மாய்த் தண்ணீரை மொண்டு இஞ்சின் தலையில் ஊற்றப் போனார். என் வீட்டுக்காரர் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஊத்தாதீங்க மாமா! பச்சத் தண்ணி பட்டா இரும்பு விண்டுரும்!"

இஞ்சினை நிறுத்தினார். கண்மாயே ஊமையாகிவிட்டது. இத்தனை நாள் கழித்து நேராகப் பேசிய முதல் பேச்சு, அதுவும் கையைப் பிடித்து அதட்டல்! போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்பா முகத்தைக் கரைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இவர் எண்ணெயைப் பார்த்தார், சரியாக இருந்தது. பெல்ட்டும் இறுக்கமாக இருந்தது. கடைசி வரை வள்ளம் பறந்ததால் பம்பிலும் கோளாறில்லை. இஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சூடு தணியக் காத்திருந்தோம். அப்போதுதான் எனக்கு அந்த வாசனை அடித்தது. அடுப்பில் எலுமிச்சை ரசம் நுரை கட்டுகிற அதே வாசனை. அப்பாவின் மூக்கும் விடைப்பதைப் பார்த்தேன்.

இவர் ரப்பர் டியூபைக் கழற்றி, கன்னம் உப்ப ஊதினார். நைந்த மஞ்சள் தோலும் விதையுமாக உள்ளங்கையில் வந்து விழுந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையை மூடிக்கொண்டார்.

"என்ன அடைச்சிருந்துச்சுன்னு கேளு ஆத்தா" என்றார் அப்பா, திரும்பாமலே.

"பாசின்னு சொல்லு."

"பாசியாம்ப்பா" என்றேன். அந்த நிமிஷம் என் வீட்டுக்காரர் மேல் எனக்கு வந்த ஆசையைச் சொல்லி மாளாது.

அப்பா திரும்பினார். "கைய விரிங்க மாப்ளே."

விரித்தார். அப்பா அந்தத் தோலை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"நான் போட்ட பழத்தப் பாசிங்கிறீங்களா? பொய்யச் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேணாமா? சரி, சல்லடை எங்க?"

"கழட்டிட்டேன் மாமா."

"கழட்டிட்டீங்களா! எந்த மடையன் கழட்டுவான்?" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. தன் மேல்துண்டின் ஓரத்தைக் கிழித்து உறிஞ்சுகிற வாயில் கட்டச் சொன்னார். அது இழுவையைக் குறைக்கும் என்று இவர் வாதாடினார். குறைந்தால் குறையட்டும் என்றார் அப்பா. மறுபடி கிளம்பியதும் இரண்டு தலையும் இஞ்சின் மேல் கவிழ்ந்திருந்தன. பக்கவாட்டில் விழுந்த தண்ணீரில் அப்பா கையை நீட்டிச் சூடு பார்த்துக்கொண்டே வந்தார். நான் பழக்க தோஷத்தில் இரண்டு தரம் வாயைத் திறந்தேன். யாரும் என்னைச் சட்டை செய்யவில்லை.

"மெதுவா விடுங்க மாப்ளே, எம் மக உக்காந்திருக்கா" என்று அப்பா அவர் காதில் கத்தியது, இஞ்சின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது.