போடுக்கா, போடாதக்கா

அந்த ரப்பர் தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் பட்டன் அக்கா. கலவை இயந்திரத்தின் பச்சைப் பட்டனும் சிவப்புப் பட்டனும் பதினோரு வருடமாக அவள் பொறுப்பு. இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவன் ஒரே ஒரு ஷிஃப்ட் அங்கே வந்து நிற்கட்டும், அப்புறம் பேசலாம். பக்கத்தில் நிற்பவன் தும்மினால்கூடக் கேட்காத இரைச்சல் அது. அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் அவள் கத்தித்தான் பேசுவாள்.

"நான் என்ன செவிடா?" என்பார் புருஷன்.

"நீங்க இல்ல, நான்தான்" என்பாள்.

சிரிக்கிற விஷயமில்லை. கலவைத் தொட்டி ஏணி வைத்து ஏறும் உயரத்தில் இருந்தது. அதற்குள் இறங்கி, கத்திகளில் ஒட்டிய ரப்பரைச் சுரண்டி எடுக்கிறவன் அவளுடைய சொந்தத் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். கீழே நின்றால் உள்ளே இருப்பவன் தெரியமாட்டான். அவன் குரல்தான் கணக்கு. வெளியேறி மறுபக்க மேடையில் நின்று "போடுக்கா" என்றால் ஓட்டலாம், "போடாதக்கா" என்றால் இன்னும் உள்ளே இருக்கிறான், கூடாது. இரண்டுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் என்னவோ துளியூண்டு சத்தம். அதை நம்பித்தான் ஒரு உயிர் தொட்டிக்குள் இருந்தது. என்ன துணிச்சல் பாருங்கள்!

அன்று வாசலில் லாரி காத்திருந்தது. சூப்பர்வைசருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"ஆச்சாப்பா? போடலாமா?" என்று மேலே பார்த்துக் கத்தினார்.

மேலிருந்து பதில் வந்தது. அவள் காதில் "போடுக்கா" என்றுதான் விழுந்தது.

"அதான் சொல்லிட்டானே, போடும்மா" என்று சொல்லிவிட்டு அவர் லாரியைப் பார்க்கத் திரும்பினார்.

அவள் பச்சையை அமுக்கினாள். ஓடவில்லை. ஒரு வாரமாகவே அந்தப் பட்டன் மக்கர். இரண்டாவது தடவை அமுக்கினால்தான் ஓடும். சனியன் என்று முனகிக்கொண்டு மறுபடி விரலை வைத்தாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து இயந்திரம் சரக்கு மாற்ற நின்றது. கொஞ்சம் அமைதி வந்ததும் குரல் முழுசாக வந்தது.

"போடாதக்கா! கை மாட்டிக்கிச்சு!"

அவளுக்கு உயிரே போய்விட்டது. சிவப்பை அறைந்துவிட்டு ஏணியில் ஓடி ஏறினாள். கத்தி இடுக்கிலிருந்து தம்பியின் கையை நாலு பேர் சேர்ந்து விடுவித்தார்கள். சிராய்ப்போடு போயிற்று.

அவள் அமுக்கியதை யாரும் பார்க்கவில்லை. 'அக்கா உஷாரா நின்னா, தம்பி பிழைச்சான்' என்று தொழிற்சாலையே கொண்டாடியது. தம்பியோ தன் பிள்ளையிடம், "அத்தைதான்டா அப்பாவைக் காப்பாத்தினா" என்று சொல்லிவிட்டான். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மேனேஜர் எல்லாரையும் கூட்டி அவளைப் பாராட்டினார். "ஒரு வாரமா மக்கர் பண்ற அந்தப் பட்டனையும் புதுசா மாத்திடறோம். இனிமே தொட்டாலே ஓடும்" என்றார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் நல்ல பேர் நிற்கும், தம்பியும் தலையில் வைத்துக்கொண்டு ஆடுவான். ஆனால் அடுத்த வாரம் அவன் மறுபடி உள்ளே இறங்குவானே.

"சார், நான் அமுக்கிட்டேன்."

"எதைம்மா?"

"பச்சையை. இவன் உள்ள இருக்கும்போதே. பட்டன் கெட்டிருந்ததால ஓடல. அதை மட்டும் சரி பண்ணீங்கன்னா அடுத்த தடவை ஓடிடும்."

தம்பி அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள்.

"கவனமாக் கேட்டிருக்கணும்" என்றார் சூப்பர்வைசர்.

"நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க. உங்க காதுல என்ன விழுந்துச்சு, சொல்லுங்க." அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். "காதை நம்பாதீங்க சார். உள்ள போறவன் மெயின் சுவிட்சை அணைச்சுப் பூட்டிட்டு, சாவியை அவனே வச்சுக்கட்டும். அவன் வெளிய வந்து திறக்கிறவரைக்கும் யாரு அமுக்கினாலும் ஓடக் கூடாது."

மூன்றாம் நாள் பூட்டு வந்தது. அதுவரை தம்பி அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மெயினை அணைத்தான், பூட்டினான், இழுத்துப் பார்த்தான். பேச்சு கொடுக்க வேறு வழி தெரியாமல் அவள் கையை நீட்டினாள்.

"குடுடா, நான் வச்சிருக்கேன்."

"வேணாம்க்கா."

சாவியைச் சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினான். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது அவளுக்கு. அவன் தலை தொட்டிக்குள் மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, மேலிருந்து வரும் குரலுக்கு அவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கவில்லை.