பதினோராவது இலை

எனக்கு வயது எழுபத்தொன்று. வளர்த்தது ஏழு பேர். பெற்றது ஐந்து, மற்ற இரண்டும் என் தங்கையின் பிள்ளைகள், அவள் காய்ச்சலில் போன பிறகு என் பாயில் படுத்து வளர்ந்தவர்கள். ஏழு பேரில் ஒருவர்கூட வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போனதில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். ஏனென்றால் நான் ஒருவனுக்கு அளவுக்கு மிஞ்சிச் சோறு போட்டு ஒரு பந்தாட்டத்தையே கெடுத்துவிட்டேன் என்று எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஆருக்கும் அளந்து போட்டுப் பழகாதவள்.

மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எழுத்து மெதுவாகத்தான் வரும். எனக்கு அவசரமும் இல்லை.

எங்கள் வீடு திருகோணமலைத் துறைமுகத்து ஜெட்டிக்கு மேலே, வத்தைக்காரர் குடியிருக்கிற ஒழுங்கையில். வத்தை என்றால் கப்பலிலிருந்து மூட்டைகளைக் கரைக்கு இறக்குகிற தட்டைப் படகு. என் மனுசன் வத்தையில்தான் வேலை செய்தார். மகன்மாரும் அதிலேதான் போய் விழுந்தார்கள். வெள்ளைக்காரக் கடற்படை இருந்த நாளில் அவர்கள் மாலையில் உதைபந்து ஆடுவார்கள்; எங்கள் ஆட்கள் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டார்கள். அவர்கள் கப்பலேறிப் போனபோது விட்டுப்போன சப்பாத்துகள் எங்கள் ஒழுங்கையில் வெகுகாலம் ஓடின. எல்லாம் பெரிய அளவு. முன்னுக்குத் துணி அடைத்துக்கொண்டுதான் ஓடுவார்கள். துணி அடைக்கப் பிடிக்காதவர்கள் வெறுங்காலோடு ஓடினார்கள்.

மற்ற இடங்களில் அணியை எழுதி ஒட்டுவார்களாம். எங்களிடம் அந்த வழக்கம் இல்லை. பெரிய ஆட்டம் என்றால் ஒழுங்கையில் ஒவ்வொரு வீடும் ஒரு பிடி அரிசி கொடுக்கும். ஆட்டத்தன்று மத்தியானம் எங்கள் வீட்டில் சோறாக்கி, பாய் விரித்து, பதினொரு இலை போடுவோம். தண்டையல் முற்றத்தில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். தண்டையல் என்றால் வத்தையை நடத்துகிறவர். எங்கள் தண்டையல்தான் அணியையும் நடத்தினார். "வா, இரு" என்பார். இலைக்கு முன்னால் உட்கார்ந்து இருந்தவன் ஆடுவான். கூப்பிடப்படாதவன் ஒன்றும் பேசாமல் பின்பக்கம் போய்த் தண்ணீர்க் குடத்தைத் தூக்குவான். அவ்வளவுதான்.

இலையில் இருந்தாலும் ஆட்டக்காரர் வயிறு நிரப்பமாட்டார்கள். ஒரு கவளம், இரண்டு கவளம், சொதியில் ஒரு மிடறு, பிறகு எழும்பிவிடுவார்கள். மிச்சம் பிள்ளைகளுக்கு. இது எல்லோருக்கும் தெரிந்ததால் ஒருவரும் ஒருவருக்கும் சொல்வதில்லை.

ஒரு பிடி அரிசி கொடுத்தவர்களுக்கு ஒரு வண்டி கதை சொல்ல உரிமை. அதுதான் எங்கள் ஒழுங்கை. ஆரை எடுப்பது, ஆரை விடுவது என்று ஆண்கள் சலூனில் கதைப்பார்கள். நாங்கள் குழாயடியில் கதைப்போம். குழாயடிக் கதைதான் சரியாக இருக்கும். நாங்கள் தண்ணீருக்கு நிற்கிற நேரத்தில் முழு ஆட்டத்தையும் திருப்பி ஆடிவிடுவோம்.

நான் சொல்லவந்தது அரிசிக்குப் பஞ்சம் வந்த வருடத்துக் கதை. மரவள்ளிக்கிழங்கு தின்று தின்று பிள்ளைகளின் முகம் வெளிறிப்போயிருந்த காலம். அந்த வருடம் எங்கள் அணி ஸ்டேசன் பக்கத்து அணியோடு கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் அந்த ஆட்டத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. என் கடைசி மகன் இடது பக்கம் ஓடுகிறவன். வயது இருபத்தினாலு. அந்த முறை அவர்கள் கண்ணில் படாவிட்டால் இனி இல்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆனால் அவன் சரியாக ஆடவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். சில ஆட்டமாக ஒரு கோலும் இல்லை. கடைசி ஆட்டத்துக்கு முந்தின ஆட்டத்தில் கிடைத்த பெனால்டியையும் விட்டான். மறுநாள் நான் குழாயடிக்குப் போனபோது மீன் விற்கிற மச்சாள் எனக்காகவே காத்திருந்தாள்.

"மச்சாள், கோவிக்காதையுங்கோ. அந்தப் பந்தை எங்கடை கோழியும் தட்டியிருக்கும்."

"உங்கடை கோழியைத் தண்டையலிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோவன்" என்றேன்.

"எதுக்குக் கோழி? அதுதான் புல்மோட்டைத் தம்பி வந்திருக்கிறானே."

புல்மோட்டைத் தம்பி என்பது புல்மோட்டையிலிருந்து வத்தை வேலைக்குப் புதிதாக வந்த பையன். அவனும் இடது பக்கம். பழக்க ஆட்டத்தில் கோல் காக்கிற எங்கள் கோலியை, மூதூர்ப் பொடியன், நல்ல கெட்டிக்காரன், அவனையே இரண்டு தரம் மணலில் உருட்டிவிட்டான். அன்றைக்கே ஒழுங்கை இரண்டாகப் பிரிந்தது. சலூன்காரர் என் மகன் பக்கம். மீன் மச்சாள் புல்மோட்டைப் பக்கம்.

சலூன்காரர் கத்தரிக்கோலைக் காட்டிக் காட்டிப் பேசுவார். "அவன்ரை இடது கால் இருக்கே, அது காலில்லை, கை!"

ஒழுங்கையால் மீன்கூடையோடு போனவள் நின்று கேட்டாள்: "கையெண்டபடியாத்தானோ பெனால்டியைக் கோலியின்ரை மடியிலை பக்குவமாய் வைச்சவன்?"

"அது கோதுமை மா மூட்டை தூக்கினதாலை வந்தது. மாக்கப்பல் வந்ததிலையிருந்து பொடியனுக்குத் தோள் பருத்து, கால் மெலிஞ்சுபோச்சு. ஓய்வு குடுத்தா பழைய ஆட்டம் திரும்பி வரும்."

"அப்ப ஓய்வு குடுங்கோவன். கடைசி ஆட்டம் முடியும்வரைக்கும் குடுங்கோ."

சவரத்துக்கு இருந்த ஆள் பாதி முகத்துச் சோப்போடு சிரித்தான் என்று கேள்வி. என் மகனும் சலூன் பலகை வாங்கிலில் இருந்திருக்கிறான். வீட்டுக்கு வந்தான். சப்பாத்தை எடுத்துத் துணியைத் திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டிருந்தான்.

தண்டையலும் கலங்கிப்போனார். ஆட்டத்தன்று காலையில் அரிசிச் சாக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார். போகவில்லை.

"அக்கா, நீங்கள் எல்லா ஆட்டமும் பாக்கிறனீங்கள். சொல்லுங்கோ, ஆரைப் போட?"

"நான் சோறாக்கிறவள். ஆளெடுக்கிறது உங்கடை வேலை."

"உங்கடை மகனெண்டபடியாத்தான் கேக்கிறன்."

"அதாலைதான் நான் சொல்லேலாது" என்றேன்.

மனதில் என் மகன்தான் இருந்தான். பெற்றவளுக்கு வேறு எவன் இருப்பான்? வாயால் சொல்லவில்லை, அவ்வளவே.

பாரை மீன் குழம்பு, சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி. எங்கள் அணியில் சைவ சமயம், கிறிஸ்தவ வேதம், இஸ்லாம் எல்லாரும் இருந்ததால் எப்போதும் மீன்தான், இறைச்சி இல்லை. நாட்கணக்கில் கிழங்கு அவித்த குசினியில் அன்று சோறு கொதித்த வாசத்துக்கு ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் வேலியில் வந்து தொங்கின.

தண்டையல் பத்துப் பேரைக் கூப்பிட்டார். பத்துப் பேரும் இருந்தார்கள். பதினோராவது இலை வெறுமையாக இருந்தது. என் மகன் கிணற்றடியில் நின்றான். புல்மோட்டைத் தம்பி இன்னும் வந்துசேரவில்லை. முதல்நாள் ஊருக்குப் போனவன். வாசல் படலையில் சலூன்காரரும் மீன் மச்சாளும் தண்டையலை இழுத்துவைத்துக் கதைக்கத் தொடங்கினார்கள். அவரும் போய் நின்றுவிட்டார். நான் குழம்புச் சட்டியோடு நின்றேன்.

அப்போது பின்வேலியில் பிள்ளைகள் நுழைகிற பொட்டுக்குள்ளால் புல்மோட்டைத் தம்பி வந்தான். பஸ் பழுதாகி, மணல் லொறி ஒன்றில் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறான். தலை எல்லாம் புழுதி. கை கால் கழுவினான்.

"அம்மா, பிந்திப்போனன். விடியக் கிழங்குதான் திண்டனான்" என்றான்.

சொல்லிக்கொண்டே போய் வெறும் இலையில் இருந்துவிட்டான். அவனுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. இலை போட்டிருக்கிறது, ஆட்கள் சாப்பிடுகிறார்கள், தனக்கும் ஓர் இலை இருக்கிறது. வேறென்ன நினைப்பான்? பக்கத்தில் சோறு பரிமாறிக்கொண்டிருந்த என் மூத்த மருமகளின் கை பழக்கத்தில் அவனுக்கும் சோற்றைப் போட்டுவிட்டது. மற்றப் பத்துப் பேரும் வாயில் வைத்த கையோடு அப்படியே இருந்தார்கள். அவன் சோற்றைப் பிசைந்துவிட்டான்.

அந்த நேரம் தண்டையல் படலையிலிருந்து திரும்பினார். சலூன்காரர் வென்றுவிட்டார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. என் மகனைப் பார்த்துக் கையை நீட்டினார். "வா, இ..." என்றவர், இலையைப் பார்த்து நின்றுவிட்டார்.

தண்டையல் என்னைப் பார்த்தார். என் மகனும் என்னைப் பார்த்தான். வீடு என்னுடையது. நான் "தம்பி, கொஞ்சம் எழும்புங்கோ" என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

நான் போய் அவன் இலையில் பாரைத் துண்டொன்றை வைத்துக் குழம்பை ஊற்றினேன்.

"இலையிலை இருந்தவனை எழுப்பிற வழக்கம் இந்த வீட்டிலை இல்லை, தண்டையல்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். என் மகன் குடத்தைத் தூக்கவில்லை. படலையால் வெளியே போய்விட்டான். சாப்பிடவும் இல்லை.

இனித்தான் ஒழுங்கை என்னைக் குற்றம் சொல்கிற இடம். புல்மோட்டைத் தம்பிக்குக் கவளக் கணக்குத் தெரியாது. சோற்றைக் கண்டு எத்தனை நாளோ. இலை வெறுமையானதும் என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் போட்டேன். திரும்பவும் பார்த்தான். திரும்பவும் போட்டேன். பசித்தவன் இலையைப் பார்த்துக்கொண்டு கரண்டியை ஆரால் பிடித்து வைக்க முடியும்? மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆட்டத்துக்குப் போகிறவன் என்று எனக்கும் ஞாபகம் வரவில்லை.

ஆட்டம் தொடங்கியபோது நாங்கள் பெண்கள், கவிழ்த்துவைத்த வள்ளத்தில் வழக்கம்போல இருந்தோம். புல்மோட்டைத் தம்பி முதலில் கொஞ்சம் ஓடினான். பிறகு நடந்தான். பிறகு விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். இடது பக்கம் முழுதும் திறந்த படலை மாதிரிக் கிடந்தது. ஸ்டேசன் பக்கத்தார் அந்த வழியாலேயே வந்து வந்து அடித்தார்கள். எங்கள் மூதூர்க் கோலி பாய்ந்து பாய்ந்து பிடித்தான். ஒன்றுதான் உள்ளே போனது.

"மச்சாள், என்ன போட்டனீங்கள் அவனுக்கு?" என்று மீன் மச்சாள் கேட்டாள்.

"சோறு."

"சோறோ, ஈயமோ?"

பாதி நேரத்தில் அவன் கம்பத்துக்குப் பின்னால் போய்த் தின்றதையெல்லாம் சத்தி எடுத்தான். தண்டையல் சுற்றிலும் பார்த்தார். என் மகன் எங்கும் போகவில்லை; எதிர்ப்பக்கத்துப் பனைகளுக்குக் கீழே நின்று முழுதையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். சப்பாத்து காலிலேயே இருந்தது. கூப்பிட்டதும் வந்தான்.

வெறும் வயிறு, அதோடு கோபமும். அவன் அப்படி ஓடி நான் கண்டதில்லை. ஒரு கோல் அடித்தான், நல்ல கோல், இடது காலால். மீன் மச்சாளே எழும்பிக் கூவினாள். ஆனால் முடிகிற நேரத்தில் அவர்கள் இன்னொன்று அடித்துவிட்டார்கள். தோற்றுத்தான் போனோம்.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் எங்கள் கோலியை எடுத்தார்கள். முதல் பாதியில் அவனுக்கு அவ்வளவு வேலை இருந்தது. இடது பக்கத்துக்கு வேறு எங்கேயோ ஒருவன். என் மகனை அவர்கள் பாதி ஆட்டந்தானே பார்த்தார்கள்.

அன்று பொழுதுபட அவன் வீட்டுக்கு வந்தான். குசினி வாசலில் இருந்து சப்பாத்தைக் கழற்றினான்.

"மீன் மிச்சமிருக்கோ?" என்றான்.

"தலை வைச்சிருக்கிறன்" என்றேன்.

அவனுக்குப் பாரைத் தலை என்றால் விருப்பம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது படலையில் புல்மோட்டைத் தம்பி வந்து, உள்ளே வராமல் நின்றான். முகம் வாடிப்போயிருந்தது. என் மகன் நிமிர்ந்து பார்த்தான்.

"வா மச்சான். இப்ப வந்து இரு. இப்ப எவ்வளவும் தின்னலாம்."

அடுத்த வருடம் புல்மோட்டைத் தம்பியை வலது பக்கத்துக்குப் பழக்கி, இருவரையும் ஒன்றாக இலையில் இருத்தினார் தண்டையல். அன்று அவன் இரண்டே கவளத்தோடு எழும்பியதைப் பார்த்து முற்றமே சிரித்தது.

ஆனால் அந்தக் கதை முடியவில்லை. சலூனில் ஒரு கட்சி, நான் நியாயம் பார்த்து மகனை விட்டுவிட்டேன் என்கிறது. இன்னொரு கட்சி, நான் மகனுக்காகவே மற்றவனுக்குச் சோற்றைத் திணித்தேன் என்கிறது. "அக்கா லேசான ஆளில்லை" என்று தலையை ஆட்டுகிறார்கள். இரண்டு கட்சிக்கும் நான் இவ்வளவு நாளும் பதில் சொல்லவில்லை. என் மகனோ, இப்போது பிள்ளைகளின் தகப்பன், தலையில் நரையும் விழத்தொடங்கிவிட்டது, பாரைக் குழம்பு வைக்கிற நாளெல்லாம் ஒரே கதைதான். "முழு ஆட்டமும் ஆடியிருந்தா என்னை எடுத்திருப்பினம், அம்மா." நானும் ஓம் என்றுதான் சொல்கிறேன். எடுத்திருப்பார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாளைக்கு இன்னொருவன் தெரியாமல் வந்து அந்த இலையில் இருந்தாலும் நான் குழம்பைத்தான் ஊற்றுவேன். அது அவனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் வழக்காடுகிறான்.

இவ்வளவும் என் கையால் எழுதினேன். எழுத்து அங்கங்கே சரிந்திருக்கும். மகனுடைய மகள் நாலாம் வகுப்பு, நன்றாக வாசிப்பாள். அவளைக் கூப்பிட்டிருக்கிறேன்.

இஞ்சை வா, பிள்ளை. முதலிலையிருந்து வாசி. உரத்து வாசி, உன்ரை அப்பா முற்றத்திலைதான் இருக்கிறார். மீன் வைச்ச இடம் வரேக்கை அவர் குறுக்கை கதைப்பார். நீ நிப்பாட்டாதை.