பொட்டு அழிந்த டிஸ்க்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் "போய் வேலையப் பாரு லா" என்று விரட்டுகிற ஆள் நான். பிரிக்ஃபீல்ட்ஸில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவன், கரன்ட்டைத் தவிர எதையும் நம்பியதில்லை. நீங்களும் இதை நம்ப வேண்டாம், ஆனால் பாதியில் சிரிக்காதீர்கள்.

தொண்ணூறுகளில் என் மனைவி வசந்தா இறந்துபோனாள். அவள் குரல் மிஞ்சியது ஒரே இடத்தில்தான். புது மைக் சோதித்தபோது விளையாட்டாகப் பேசினாள்: "என்னங்க, சாப்பிட வாங்க, சோறு ஆறிப்போவுது." அது என் கடை ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. ஊருக்கெல்லாம் "காப்பி எடுத்து வைங்க பாஸ்" என்று உபதேசம் செய்தவன், எனக்கு எடுத்து வைக்கவில்லை.

சரஸ்வதி பூசைக்கு அந்த டிஸ்க்கையும் கழற்றச் சொல்லிச் சந்தனம் குங்குமம் வைப்பாள். பொட்டு இருந்தால் அது நம்முடையது, அதுதான் எனக்கு அடையாளம். அவள் இறந்த வருடம் துக்க வீடு, பூசை இல்லை.

அந்த வருடம் ஊரில் பூசை முடிந்த வாரம் கிள்ளானிலிருந்து ஒரு லோரி கம்பெனி முதலாளி தன் டிஸ்க்கைக் கொண்டுவந்து, "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுக் குடுங்க தம்பி" என்றார். அதுவும், கேபிள் மாற்றக் கழற்றி வைத்திருந்த என்னுடையதும் ஒரே மாதிரி. மேசையில் கிடந்த இரண்டில் பொட்டு இல்லாததை மாட்டி, பார்ட்டிஷனை அழித்துவிட்டேன். பிறகு மற்றதைத் திருப்பினால் அடியில் லோரி கம்பெனி ஸ்டிக்கர். மனுஷன் ஆயுத பூசைக்கு லோரியிலிருந்து கம்ப்யூட்டர் வரை பொட்டு வைத்திருக்கிறார். என்னுடையதில் பழைய பொட்டு உதிர்ந்துபோயிருந்தது, புதிதாக வைக்க அவள் இல்லையே.

நான் போட்ட சத்தத்தில் கடையில் கூட இருந்த மச்சினன் மனோ ஓடிவந்தான். "மாமா, உள்ள இருக்கிறது போகல லா. அட்ரஸ்தானே போச்சு?"

உண்மைதான். எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணைதான் போனது. வீடு இருக்கிறது, வீட்டு நம்பர் இல்லை. ரிப்பேர் டிஸ்கெட்டைப் போட்டுத் தேடவிட்டோம். வெளியே அடைமழை. சாமி கும்பிடாத நான் "வசந்தா, வசந்தா" என்று முனகிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் பழைய பகுதி அகப்பட்டது.

ஃபைலை ஓடவிட்டேன். "என்னங்க, சாப்பிட வாங்க, சோறு ஆறிப்போவுது." அழுதுவிட்டேன். எப்போதும் அதோடு முடிந்துவிடும், அன்று முடியவில்லை. மூச்சு இழுக்கிற சத்தம், பிறகு அதே குரல், கொஞ்சம் கோபமாக: "பொட்டு அழிஞ்சதுகூடவா தெரியல?"

மனோ என் கையைப் பிடித்துக்கொண்டு "அக்கா" என்றான். சத்தியமாக அவனும் கேட்டான். மறுபடி மறுபடி போட்டோம், பழைய வாக்கியம் மட்டும்தான் வந்தது.

அப்புறம் காப்பி எடுத்துவைத்தேன், வருடா வருடம் நானே பொட்டு வைக்கிறேன். ஆனால், சொன்னால் பைத்தியம் என்பீர்கள், சில சமயம் அந்த டிஸ்க்கை மாட்டி, அழிக்கட்டுமா என்று திரை கேட்கிற இடம் வரை போகிறேன். அழித்து மீட்டால் இன்னும் ஒரு வார்த்தை பேசமாட்டாளா? அவ்வளவு ஆசை. போன பூசையன்றும் போனேன். ஸ்பீக்கர் மாட்டவே இல்லை. விரலை வைத்ததும் பின்னால் அதே மூச்சு இழுக்கிற சத்தம். வேண்டாம் என்று தட்டிவிட்டு, எழுந்து சாப்பிடப் போனேன்.