வாயாடிக்கு வாய்ப்பூட்டு

வலது கன்னத்தில் சைக்கிள் டியூபை வைத்து உருட்டிக்கொண்டே, இடது கை ஆள்காட்டி விரலால் டேப்லெட்டைத் தடவிக்கொண்டிருக்கிறார் பஞ்சர்காரர். கன்னத்தில் எங்கே சில்லென்று ஊதுகிறதோ அங்கே ஓட்டை. விரல் எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அந்தக் கட்டத்தில் இருக்கும் செஸ் காயை டேப்லெட் வாய்விட்டுச் சொல்லும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். கேட்டால், "ரெண்டும் ஒரே வேலைதாம்பா. எங்க காத்து போவுதுன்னு கண்டுபிடிக்கணும், அவ்வளவுதான்" என்பார்.

சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. அதைப் பற்றி அவராகப் பேசுவதில்லை. யாராவது பேச்செடுத்தால் சும்மா விடுவதுமில்லை. "கண்ணு தெரியாம எப்படிங்க பஞ்சர் ஒட்டுறீங்க?" என்று ஒரு ஆள் உருகி உருகிக் கேட்டார். "நீங்க கண்ணு தெரிஞ்சுக்கிட்டே ஆணி மேல ஏத்திட்டு வந்திருக்கீங்களே, அதுக்கு முன்னாடி இது ஒண்ணுமே இல்லைங்க" என்று பதில் வந்தது. அந்த ஆள் மீதிச் சில்லறைகூட வாங்காமல் போய்விட்டார்.

கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டின்தான் அவருடைய ஆசனம். ஒட்டுத் துண்டுகள் சோப்பு டப்பாவில் இருக்கும். வண்டியை ஸ்டாண்டு போடும் சத்தத்தை வைத்தே யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். ஆனால் ஆட்டத்தில் யோசனையில் இருக்கும்போது பெற்ற தாயே வந்து ஸ்டாண்டு போட்டாலும் "உக்காருங்க" என்ற ஒரு சொல்தான்.

அந்த டேப்லெட்டின் குரலுக்கு அவர் வைத்த பெயர் வாயாடி. திரையில் இருப்பதையெல்லாம் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் அது. சாதாரண வேகத்தில் பேசினால் அவருக்குக் கொட்டாவி வரும். அதனால் வேகத்தை ஏற்றி ஏற்றி, பொறியில் மாட்டிய எலி கத்துகிற அளவுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார். புதிதாக வருகிறவர்கள் டேப்லெட் பழுதாகிவிட்டது என்றே நினைப்பார்கள். அவருக்கு அதில் ஒரு பெருமை. "ஊரே கேக்கட்டும். எவனுக்குப் புரியப்போவுது?"

ஒருவனுக்குப் புரிந்துகொண்டிருந்தது. அதுதான் வினை.

பஞ்சர் கடைக்கு நேர் மேலே மச்சானுடைய மூக்குக்கண்ணாடிக் கடை. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். இந்த இருவருக்கும் இடையில் ஒரு நாற்காலி கிடந்து அல்லாடியது. மாமனார் ஓய்வு பெற்ற அன்று, நினைவுப் பரிசாக என்ன வேண்டும் என்று ஆபீஸில் கேட்டதற்கு, தான் உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலியையே கேட்டு வாங்கி, தானே தெருவில் உருட்டிக்கொண்டு வந்தவர். அவர் காலமான பிறகு அது யாருக்கு என்ற கேள்வி வந்தது. பக்கத்தில் இருக்கும் பிடியை இழுத்தால் அது புஸ்ஸென்று கீழே இறங்கும்.

"அதுக்குள்ள காத்து இருக்கு மச்சான். காத்து சம்பந்தப்பட்டதெல்லாம் என் இலாகா" என்றார் இவர்.

"அதுல உக்காரவெச்சுத்தான் மாப்ள கண்ணு பாக்கணும். பாக்குறதெல்லாம் என் இலாகா" என்றார் அவர்.

இருவரும் மாறி மாறி இழுத்ததில் நாற்காலியின் ஒரு சக்கரம் கழன்றது. அதற்கு மேல் பஞ்சர்காரரின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும்தான் நாள் பூரா செஸ் ஆடுறீங்களே. மாசம் ஒரு ஆட்டம். ஜெயிச்சவங்க கடையில அடுத்த மாசம் வரைக்கும் நாற்காலி இருக்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னாள். அவரவர் கடையில் இருந்தபடியே, வியாபாரத்துக்கு நடுவே, டேப்லெட்டில் ஆட்டம். நாற்காலி மாடிக்குப் போனது. போனது போனதுதான். மாதா மாதம் இவர் தோற்றார்.

தோற்பதுகூடப் பரவாயில்லை. இவர் ஒரு பொறி வைத்தால், காயை நகர்த்தும் முன்னமே மச்சான் அதிலிருந்து காலை எடுத்துவிடுவார். அதுதான் இவரைத் தின்றது.

ஒரு மழை நாளில் மனைவி சாப்பாட்டுக் கூடையோடு மாடிக்குப் போய்விட்டுக் கீழே வந்தாள். "எங்க அண்ணனுக்கு என்ன கிறுக்கா? சாரல் அடிச்சுக் கண்ணாடியெல்லாம் நனையுது, ஜன்னலைச் சாத்தாம அது பக்கத்துலயே தலையைச் சாச்சுக்கிட்டு உக்காந்திருக்கு."

பஞ்சர்காரரின் கை டியூபிலேயே நின்றது. அந்த ஜன்னல் இவருடைய தகரக் கூரைக்கு மேலேதான் இருக்கிறது. இவர் எந்தெந்தக் காயைத் தொட்டுத் தொட்டு யோசித்தாலும் வாயாடி அதை ஒன்றுவிடாமல் ஒப்பிக்கும். அதை இத்தனை நாள் மேலே ஒரு ஆள் பாடம் கேட்டிருக்கிறான். ஆனாலும் இந்த வேகம் ஒருவனுக்குப் புரியுமா? சோதித்துவிடுவது என்று, டேப்லெட்டில் ஒரு வரியைத் தட்டெழுதினார். 'சாயங்காலத்துக்குள் மச்சான் ஸ்கூட்டரில் இரண்டு சக்கரத்திலும் காற்றை இறக்கிவிட வேண்டும்.' அதை வாயாடியைப் படிக்கவிட்டார். கீச்சென்று ஒரு கத்தல், அவ்வளவுதான்.

மாடிப்படியில் தடதடவென்று செருப்புச் சத்தம். மச்சான் இறங்கி வந்து ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்.

"எங்க மச்சான் தள்ளிக்கிட்டுப் போறீங்க?"

"வெயில்ல நிக்குது மாப்ள. நிழல்ல விடலாம்னு" என்றார் மச்சான், தலையில் மழை கொட்டக் கொட்ட.

மறுநாளே மனைவியோடு ஹெட்செட் வாங்கக் கிளம்பினார். வயர் வைத்தது வேண்டாம் என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை. முன்பு ஒன்று இருந்தது. சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோட்டம் பார்க்கும்போது அதன் வயர் கம்பிகளில் மாட்டி, டேப்லெட் ஒரு ரவுண்டு சுற்றிப் பறந்து, தண்ணீர்த் தொட்டிக்கு ஓர் அங்குலம் தள்ளி விழுந்தது. அன்றைக்கு நின்ற மூச்சு திரும்பி வர வெகுநேரம் ஆனதாகச் சொல்வார்.

கடையில் விற்பனைப் பெண் முதலில் கொடுத்தது, மொச்சைக்கொட்டை மாதிரி காதுக்குள் செருகும் இரண்டு துண்டுகள். "இதுல பட்டனே கிடையாது சார். சும்மா தொட்டாப் போதும்."

அதுதான் தொல்லையாகப் போனது. காதில் சரியாகப் பொருத்தத் தொட்டால் வாயாடி வாயை மூடியது. மறுபடி தொட்டால் கடைசியாகப் பேசிய எண்ணுக்குப் போன் போனது. அந்த எண் மச்சானுடையது. "என்ன மாப்ள?" என்று காதுக்குள்ளேயே மச்சான் குரல் கேட்டதும் உதறினார். ஒரு துண்டு தெறித்து மேசைக்கடியில் ஓடியது. விற்பனைப் பெண், மனைவி, வேறொன்று வாங்க வந்த ஒரு பெரியவர் என எல்லோரும் தரையில் தவழ்ந்தார்கள்.

"இது என் கடையில ஒரு நாள் தாங்காது. எந்த டியூபுக்குள்ள போட்டு ஒட்டினேன்னே தெரியாது" என்று திருப்பிக் கொடுத்தார்.

அடுத்தது கழுத்தில் மாலை போலக் கிடப்பது. பட்டன்கள் விரலுக்கு நன்றாகத் தெரிந்தன. முகம் மலர்ந்து, சதுரங்கப் பலகையைத் திறந்து விரலை ஓட்டினார். மலர்ந்த முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் பேச்சு இல்லாவிட்டால் அது தூங்கிவிடுகிறது. வாயாடி பேசத் தொடங்கிய பிறகுதான் விழித்துக்கொண்டு, முதல் சொல்லை விழுங்கிவிட்டு மீதியைத் தருகிறது. "கட்டத்தைச் சொல்லுதும்மா, காயைத் தின்னுடுது. அங்க நிக்கிறது ராணியா சிப்பாயான்னு நான் ஜோசியமா பாக்கறது?"

விற்பனைப் பெண் அதை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். "சார், டேப்லெட்டுக்குள்ள ஏதோ மாட்டிக்கிட்டுக் கத்துது சார்" என்று பயந்தாள்.

மூன்றாவது காதை மூடாதது. காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் ஒட்டி நிற்கும். எலும்பு வழியாகக் குரல் போகுமாம். "காது திறந்தே இருக்கும் சார். தெருச் சத்தமும் கேக்கும், இதுவும் கேக்கும்." வைத்ததும் பஞ்சர்காரர் கெக்கெக்கே என்று சிரித்தார். கூச்சம். விரலைப் பலகையில் வேகமாக இழுத்தார். விரல் நின்ற இடத்திலேயே குரலும் நின்றது, பின்தங்கவில்லை. பட்டனும் இருந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு. "ஏம்மா, வெளிய கேக்குதா?"

மனைவி காதைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். "லேசா, கொசு மாதிரி கேக்குதுங்க."

"வேண்டாம். கொசு சத்தத்தையும் உங்க அண்ணன் படிச்சிடுவான்."

கடைசியில் அவர் எடுத்தது, இரண்டு காதையும் தலையணை வைத்து அமுக்கியதுபோல மூடும் பெரிய ஹெட்செட். வெளியே ஈ எறும்புக்குக்கூடக் கேட்காது என்றாள் விற்பனைப் பெண். "வேலையில காது வேணும்ங்க உங்களுக்கு" என்று மனைவி சொன்னது அவர் காதில் விழவில்லை. போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைப் போட்டுக்கொண்டு ஆடிய மாதத்தை அந்தத் தெரு மறக்காது. வாயாடியின் சத்தம் அடங்கியது உண்மை. ஆனால் பஞ்சர்காரருக்கு யோசிக்கும்போது முணுமுணுக்கும் பழக்கம் உண்டு. காதை அடைத்த மனிதனுக்குத் தன் முணுமுணுப்பின் அளவு தெரியுமா?

"இந்தக் குதிரையைத் தூக்கி அங்க வெப்பேன்! மச்சான் முட்டாப்பய, யானையை எடுப்பான்! எடுத்தவுடனே பின்னாடி மந்திரி பாயும்!"

தெருக்கோடி வரைக்கும் கேட்டது. பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒருவர், "மந்திரி வேணாங்க, ராணிக்கு ஆபத்து" என்று யோசனைகூடச் சொன்னார். அது இவருக்குக் கேட்கவில்லை. டியூபில் காற்று சீறுவதும் கேட்கவில்லை. ஒட்டின வண்டிகள் மூலை திரும்பும் முன் உருட்டிக்கொண்டு திரும்பி வந்தன.

"ஏங்க இப்படிக் கத்துறீங்க?" என்று மனைவி தோளைத் தட்டினாள்.

"நான் எங்க கத்துறேன்!" என்றார். எதிர்க்கடையின் கூரையிலிருந்து புறாக்கள் பறந்தன.

ஆட்டம் முடிந்ததும் மச்சான் இறங்கி வந்து ஹெட்செட்டைத் தானே கழற்றி எடுத்து, காதோரம் குனிந்து சொன்னார்: "நீ சொன்ன அந்த முட்டாப்பய யானையை எடுக்கல மாப்ள. பேசாம நாற்காலியை எனக்கே விட்டுக் குடுத்துடேன். உனக்கும் தொண்டை மிச்சம்."

பஞ்சர்காரர் வாயெடுக்கும் முன் அவர் மனைவி சொன்னாள். "சரிண்ணே. இந்த மாசம் கடைசி ஆட்டம். இதுல ஜெயிக்கிறவங்களுக்கு நாற்காலி ஒரேயடியா சொந்தம். அப்புறம் அதைப் பத்தி ஒருத்தரும் என்கிட்ட மூச்சு விடக் கூடாது." சொல்லிவிட்டு ஹெட்செட்டைப் பெட்டியில் போட்டு, கணவரையும் கையில் பிடித்துக்கொண்டு அதை வாங்கின கடைக்கு நடந்தாள்.

விற்பனைப் பெண் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாத்திக்கலாம் சார். ஆனா பெட்டி பூரா கிரீஸா இருக்கே?"

"அது கிரீஸ் இல்லம்மா. என் கைரேகை."

எலும்பில் ஒட்டுவதையே மறுபடி எடுத்தார். இந்தத் தடவை கொசுவைக் கொல்வதில் இறங்கினார். மனைவி ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய் "கேக்குது" என்பாள். இவர் சத்தத்தை ஒரு படி குறைப்பார். பிறகு அவள் முன்னால் வந்தாள். ஒவ்வொரு அடியாக நெருங்கி, கடைசியில் அவர் கன்னத்தோடு தன் காதை ஒட்டிக்கொண்டு நின்று, "இப்பக் கேக்கல" என்றாள். கடையில் இருந்தவர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

கடைசி ஆட்டம் தொடங்கியது. மாடி ஜன்னல் அகலத் திறந்து கிடந்தது. கீழே காற்றடிக்கும் மெஷின் ஓடும் சத்தமும், தொட்டியில் டியூப் முங்கும் சத்தமும் தவிர வேறில்லை. முணுமுணுப்பையும் அடக்கப் பஞ்சர்காரர் ஒரு வழி வைத்திருந்தார். டியூப் வால்வின் மூடி ஒன்றைப் பற்களுக்கிடையில் கடித்துக்கொண்டார். அதனால் வாடிக்கையாளர்களுக்கு "உக்காருங்க" என்பதும் கிடைக்கவில்லை, "ம்" மட்டும்தான்.

மச்சானுக்கு மேலே இருப்புக் கொள்ளவில்லை. பம்பு இரவல் கேட்டு வந்தார். பம்பைத் திருப்பிக் கொடுக்க வந்தார். சும்மா வந்தார்.

"என்ன மாப்ள, வாயாடிக்கு உடம்பு சரியில்லையா?"

வால்வு மூடியைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "தொண்டை கட்டிடுச்சு மச்சான்" என்றார் இவர்.

"ராணியை எங்கயோ கொண்டுபோற போலிருக்கே?"

"ம்."

"யானைக்குப் பக்கத்துலயா?"

"ம்" என்றார், அதே சுருதியில். மச்சான் படியேறிப் போகும் செருப்புச் சத்தத்தில் நம்பிக்கை இல்லை. மேலே நாற்காலி முன்னும் பின்னும் உருண்டது. ஒரு ஆள் கண் சோதிக்க வந்து, எழுத்துப் பலகையை முழுக்கப் படித்து முடித்து, கேட்பார் இல்லாமல் இறங்கிப் போனார்.

மதியத்துக்கு மேல் மச்சான் தன் ராணியை ஒரு கட்டம் தள்ளி வைத்தார். பஞ்சர்காரரின் விரல் பலகையில் மெதுவாக ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்று வந்தது. எழுந்து போய் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, உட்கார்ந்து மூன்றாவது தடவையும் தடவினார். பிறகு குதிரையைத் தூக்கி வைத்தார். கன்ன எலும்பில் வாயாடி கீச்சென்று ஏதோ சொன்னது. அவருக்கு மட்டும் கேட்டது.

வால்வு மூடியைத் துப்பினார். கைகளைத் துணியில் துடைத்தார். ஹெட்செட்டைக் கழற்றி அணைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். டேப்லெட்டில் சத்தத்தை முழுக்க ஏற்றி, வேகத்தைக் குறைத்துக் குறைத்து, இதற்குமேல் குறையாது என்கிற இடத்துக்குக் கொண்டுவந்தார். பெயின்ட் டின்னைக் காலாலேயே கூரையின் விளிம்புவரை நகர்த்தி, தூணைப் பிடித்து அதன் மேல் ஏறி நின்றார். டேப்லெட்டை இரண்டு கையாலும் மாடி ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"கறுப்பு... ராஜாவுக்கு... செக்மேட்" என்றது வாயாடி, பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போல நிறுத்தி நிறுத்தி.

மேலே உருளும் சத்தம் நின்றது. பஞ்சர்காரர் இன்னும் கொஞ்சம் எக்கி, டேப்லெட்டை இன்னும் ஒரு சாண் உயர்த்தி, மறுபடியும் தட்டினார்.