மகள் தேர்தல் பார்க்கப் போன ஞாயிறு

"மோல்டோவாவுக்குப் போறன் அம்மா" என்று மகள் சொன்னபோது, அது எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அவள் இங்கே ஒஸ்லோவில், வெஸ்ட்லியில் பிறந்து வளர்ந்தவள். நோர்வே வெளியுறவு அமைச்சில் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு வருடமும் ஆகவில்லை.

அவளே வரைபடத்தில் காட்டினாள். உக்ரைனை ஒட்டிய சின்ன நாடு. சோவியத் கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்து பிரிந்து, தட்டுத் தடுமாறி ஜனநாயகத்துக்குப் பழகிக்கொண்டிருக்கிறது. நோர்வே அதற்கு உதவுகிறது. தேர்தல் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஆட்களையும் அனுப்புகிறது.

"பக்கத்திலை சண்டை நடக்குது பிள்ளை."

"நான் ஒப்செர்வாத்தூர் மட்டும்தான் அம்மா. பாத்து எழுதிறதுதான் வேலை. ஒண்டும் வராது."

"ஒண்டும் வராது" என்பதை நான் முந்தியும் கேட்டிருக்கிறேன். இலங்கையில் சமாதானப் பேச்சு நடந்த காலத்தில், ஊரிலிருந்த என் அக்காவும் தொலைபேசியில் அப்படித்தான் சொல்லுவாள். "நோர்வேக்காரர் வந்து பாத்து எழுதிக்கொண்டு போகினம். அவையள் நிக்குமட்டும் ஒண்டும் வராது." பிறகு போர்நிறுத்தம் முறிந்தது. கண்காணிக்க வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். அக்கா வன்னிக்குள் அகப்பட்டாள். அவள் முகாமில் உயிரோடு இருக்கிறாள் என்று அறியும்வரை நான் ஒஸ்லோவில் எப்படி வேலைக்குப் போய் வந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

தேர்தல் ஞாயிறு. தேவாலயத்தில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து அடுப்பில் கிழங்கை வைத்தேன். மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வாக்குச்சாவடியில் குண்டு இருக்கிறதாம், யாரோ தொலைபேசியில் சொன்னார்களாம், எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார்களாம். அவ்வளவுதான். திருப்பி எடுத்தால் அவளுடைய தொலைபேசி வேலை செய்யவில்லை.

கிழங்குச் சட்டி தண்ணீர் வற்றிக் கருகியது. கணவர் வந்து அடுப்பை நிறுத்தினார்.

"அமைச்சுக்கு எடுத்துக் கேப்பமே?"

"வேண்டாம்" என்றேன். கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம். செபமாலையைக் கையில் எடுத்தேன். செபம் நடுவில் நடுவில் அறுந்தது.

பின்னேரம் அவளே எடுத்தாள்.

"பட்டரி முடிஞ்சு போச்சு அம்மா. குண்டும் இல்லை, ஒண்டும் இல்லை."

சனங்கள் என்ன செய்ததுகள் என்று கேட்டேன்.

"மழைக்குள்ளை நிண்டவை. ஒருத்தரும் வீட்டுக்குப் போகேல்லை. பொலிஸ் தேடி முடியத் திரும்ப உள்ளை போய் வோட்டுப் போட்டவை."

தொலைபேசியைக் கணவரிடம் கொடுத்துவிட்டேன்.

அவள் திரும்பி வந்த அன்று சாப்பிடும்போது ஒன்று சொன்னாள். அந்த வரிசையில் நின்ற பெண்ணொருத்தி இவளுடைய அடையாள அட்டையைப் பார்த்து, "உங்கடை நாடு எவ்வளவு காலத்துக்கு எங்களோடை நிக்கும்?" என்று கேட்டாளாம்.

"நீ என்ன சொன்னனீ?"

"தேவைப்படுமட்டும் எண்டு. அரசாங்கம் அப்பிடித்தானே சொல்லுது." சற்று நேரம் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். "அவ நம்பினமாதிரித் தெரியேல்லை அம்மா. எனக்கும் சொல்லேக்கை பெரியம்மாவின்ரை ஞாபகம் வந்தது."

பிறகு, அந்த நாட்டிலேயே இரண்டு வருட வேலைக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுவிட்டு, அங்கே குளிர் எப்படி என்று கேட்டேன்.