வேம்பு தெரிந்த கண்ணாடி

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நானும் மனைவியும் கொழும்பிலிருந்து கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினோம். கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. நாங்கள் குடியிருந்த வீட்டை எரித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் தங்கள் சாமான் அறைக்குள் எங்களை ஒளித்து வைத்ததால் உயிர் தப்பினோம். அந்த அறைக்கு யன்னல் கிடையாது. வெளியே யார் வருகிறார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று ஒன்றும் தெரியாது. கல் விழுகிற சத்தமும் கண்ணாடி உடைகிற சத்தமும்தான் கேட்டன. மனைவிக்குச் சிறுவயதிலிருந்தே தொய்வு, மூச்சிழுப்பு நோய். இருமினால் வெளியே கேட்டுவிடும் என்று சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்தபடி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அடைத்த அறைக்குள் அவளால் இருக்க முடிந்ததில்லை. கதவைச் சாத்தினாலே மூச்சு இழுக்கத் தொடங்கும்.

அவளுடைய சீதனக் காணி யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில், கடலேரிக்குக் கிட்ட இருந்தது. அதில் சின்னதாக ஒரு வீடு கட்டினோம். நான் கட்டடங்களுக்குப் படம் வரைகிறவன் என்பதால் வீட்டின் படத்தையும் நானே வரைந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான். படுக்கிற அறையில் வளவைப் பார்த்தபடி பெரிய கண்ணாடி யன்னல் வேண்டும். எங்கள் பக்கத்தில் யன்னல் என்றால் மரக்கதவும் கம்பியும்தான். வெக்கை அடிக்கும், கள்ளன் வருவான் என்று மேசன் முணுமுணுத்தார். நான் சுவரில் பெரும்பகுதியைக் கண்ணாடிக்கு விட்டுவிட்டேன். கட்டிலில் படுத்திருந்தபடியே வேம்பும் மாதுளையும் செவ்வரத்தையும் தெரிந்தன. படலையைத் திறந்து யார் வந்தாலும் தெரிந்தது. குடிபுகுந்த சில மாதங்களில் அவளுடைய தொய்வு தணிந்தது. மறுபடி பாட்டு முணுமுணுக்கத் தொடங்கினாள்.

முதலில் மோதியது ஒரு கொண்டைக்குருவி. நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். கல்லால் எறிந்தது போல அறையில் ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்தியபடி நின்றாள். கண்ணாடி உடையவில்லை. அதில் ஒரு சின்ன இறகு ஒட்டியிருந்தது. வெளியே போய்ப் பார்த்தபோது செவ்வரத்தையின் கீழே குருவி கிடந்தது. அவள் கையில் எடுத்தாள். சூடு ஆறவில்லை, ஆனால் கழுத்து நிற்கவில்லை. தேசிமரத்தடியில் புதைத்தோம். அன்று அவள் சாப்பிடவில்லை.

பிறகு தேன்சிட்டு, புலுனி என்று ஒவ்வொன்றாக வந்து மோதின. சிலது மயங்கி விழும். அவற்றை ஒரு கடகத்துக்குள் வைத்துச் சீலையால் மூடி, மாமரத்து நிழலில் வைத்துவிட்டுக் காத்திருப்பாள். உள்ளே செட்டை அடிக்கிற சத்தம் கேட்டால் சீலையை விலக்குவாள். அது பறந்துபோனால் அன்று முழுவதும் முகம் வெளிச்சமாக இருக்கும். ஐப்பசி மாதத்தில் ஒரு ஆறுமணிக்குருவி வந்து மோதியது. குளிர்காலத்துக்கு இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வருகிற குருவி அது. அதுவும் செத்துப்போயிற்று. பச்சையும் நீலமும் சிவப்புமான அந்த உடலை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் நெடுநேரம் இருந்தாள்.

“இவ்வளவு கடலைத் தாண்டி உயிரோடை வந்திட்டுது. கடைசியிலை எங்கடை வீட்டிலை வந்து செத்துப்போச்சு,” என்றாள்.

யன்னலை என்ன செய்யலாம் என்று அதற்குப் பிறகுதான் உண்மையாகவே யோசிக்கத் தொடங்கினோம். நான் கண்ணாடி முழுவதும் பழைய பேப்பர் ஒட்டினேன். குருவிகள் வரவில்லை. ஆனால் அறை இருண்டுவிட்டது. பின்னேரமே அவளுக்கு மூச்சு இழுத்தது. நானே எல்லாவற்றையும் கிழித்தேன். கறுத்த மட்டையில் பருந்து வெட்டி ஒட்டினேன். குருவிகள் பருந்துக்குப் பக்கத்தில் வந்து மோதின. சுண்ணாம்பு பூசிப் பார்த்தேன். மழை கழுவிக்கொண்டு போயிற்று. ஓலைக் கீலங்களைத் தோரணம் போலத் தொங்கவிட்டேன். சில நாட்கள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு கடற்காற்று அவற்றைச் சுருட்டி ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டது.

ஒரு காலை அவளைக் காணாமல் தேடினேன். வேம்பின் கீழே, குருவிகள் வந்து இருக்கிற கொப்புக்கு நேராக ஒரு வாங்கைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்சாருங்கோ, இதிலை ஏறி ஒருக்காப் பாருங்கோ,” என்றாள்.

ஏறிப் பார்த்தேன். எங்கள் யன்னலில் அறை தெரியவில்லை, கட்டில் தெரியவில்லை. இன்னொரு வேம்பும் அதற்குப் பின்னால் வானமும்தான் தெரிந்தன.

“அதுகளுக்கு அங்கை கண்ணாடி இல்லை. வேம்புதான் இருக்கு,” என்றாள். “கண்ணாடிக்கு வெளியாலை ஏதாவது கட்டவேணும். எனக்கும் வெளி தெரியவேணும், அதுகளும் சாகக்கூடாது. ஒரு வலை கிடைச்சால் காணும்.”

குருநகரிலிருந்து மீன் கொண்டுவருகிற பெண் ஒருத்தி எங்களுக்குப் பழக்கம். அவளுடைய புருஷன் தொழிலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. நேவி சுட்டது என்று கூடப் போனவர்கள் சொன்னார்களாம். உடல் கிடைக்கவில்லை. மனைவி அவளிடம் விஷயத்தைச் சொல்லி, எங்கேயாவது பழைய வலை வாங்கலாமா என்று விசாரித்தாள். அடுத்த முறை வரும்போது, மீன் கூடைக்கு மேலே ஒரு சாக்கை வைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே வலை, சின்னக் கண் வலை.

“அவரின்ரை வலை அக்கா. வீட்டிலை கிடந்து உக்குது. குருவிக்கெண்டாலும் உதவட்டும்,” என்றாள். எதுவும் வாங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

முதலில் நான் அதைத் தொளதொளவென்று தொங்கவிட்டதில் ஒரு தேன்சிட்டின் கால் சிக்கிக்கொண்டது. மனைவி நூலை வெட்டி அதை விடுவித்தாள். பிறகு மரச்சட்டம் அடித்து, கண்ணாடியிலிருந்து ஒரு முழம் தள்ளி, மத்தளத் தோல் போல இழுத்துக் கட்டினேன். மறுநாள் ஒரு கொண்டைக்குருவி வேகமாக வந்து வலையில் பட்டது. வலை அதைப் பின்னால் தள்ளியது. அது செவ்வரத்தையில் போய் இருந்து, செட்டையை உதறி, எங்களைத் திட்டுவது போலக் கத்திவிட்டுப் பறந்தது. அவள் கட்டிலில் இருந்தபடி சிரித்தாள். கொழும்பை விட்டு வந்த பிறகு அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் யன்னலில் ஒரு குருவியும் சாகவில்லை.

தொண்ணூறுக்குப் பிறகு குண்டு போடுகிற விமானங்கள் வரத் தொடங்கின. எல்லா வீட்டிலும் பங்கர் வெட்டினார்கள். நானும் வெட்டினேன். இரண்டு வாசல் வைத்து, மேலே மரக்குற்றிகள் போட்டு, மண்மூட்டை அடுக்கினேன். அவள் ஒருநாளும் அதற்குள் இறங்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன், அழுதும் பார்த்தேன்.

“நீர் வராட்டில் நானும் இறங்கமாட்டன்,” என்றேன்.

“நீங்கள் போங்கோ. எனக்கு அதுக்குள்ளையே உயிர் போயிடும்,” என்றாள்.

நானும் இறங்கவில்லை. விமானம் சுற்றும்போது கிணற்றடியில் வாழைகளுக்கிடையில் இருவரும் படுத்துக்கிடப்போம். ஒருநாள் குண்டு அயலில் விழுந்தது. எழும்பிப் போய்ப் பார்த்தபோது யன்னலில் கண்ணாடி இல்லை. கட்டில் முழுவதும் துண்டுகள். வலை மட்டும் சட்டத்தில் அப்படியே நின்றது. அந்த நாட்களில் கடைகளில் கண்ணாடி என்று எதுவும் இருக்கவில்லை. பலகை அடிக்கலாம், ஆனால் அறை இருண்டுவிடும். ஆகவே வலையையே யன்னலாக விட்டுவிட்டோம். மழைக்குச் சாக்கை இறக்கினோம், மற்ற நேரம் திறந்தே கிடந்தது. காற்று வந்தது. பொழுது பட முதல் ஆறுமணிக்குருவி கூவுவது அறைக்குள்ளேயே கேட்டது.

மீன்காரப் பெண் வந்து அதைப் பார்த்தாள். கிட்டப் போய் வலையில் விரலை வைத்து, ஒரு இடத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். “இந்த முடிச்சு அவர் போட்டது. அறுந்த இடத்தை இருந்து பொத்தினவர்,” என்றாள். என் மனைவி அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். நான் வெளியே போய்விட்டேன்.

தொண்ணூற்றைந்தில், ஐப்பசி முடிகிற வேளையில், இராணுவம் கிட்ட வருகிறது, எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. சைக்கிளின் பின்னால் அவளை இருத்தித் தள்ளிக்கொண்டு புறப்பட்டேன். செம்மணி வெளியில் சனம் நெருக்கியடித்தது. முன்னாலும் பின்னாலும் அசைய இடமில்லை. தண்ணீர் கேட்டு யாரோ அழுதார்கள். நாவற்குழிப் பாலத்தில் அவளுக்கு இழுப்புத் தொடங்கியது. பக்கத்தில் நின்றவர்கள் தங்களை நெருக்கிக்கொண்டு அவளுக்குக் காற்று விட்டார்கள். அது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறையில் பல குடும்பங்கள். ஈர உடுப்பு, விறகுப் புகை, இருமல். கதவடியில் படுத்திருந்த குடும்பம் அவளைப் பார்த்துவிட்டுத் தங்கள் பாயை உள்ளே இழுத்துக்கொண்டது. அவளைக் கதவடியில் சாய்த்து இருத்தினேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மருந்து முடிந்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பிக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

விடியும் வேளையில் அவள் என் கையைப் பிடித்தாள். “மூச்சு விடேலாமல் கிடக்கு. நெஞ்சைத் தடவி விடுங்கோ,” என்றாள். தடவினேன். தடவிக்கொண்டே இருந்தேன். என் கை நின்றபோது அவள் போய்விட்டிருந்தாள்.

விறகெல்லாம் நனைந்திருந்தது. முன்பின் தெரியாத ஆட்கள் தங்கள் கூரைக் கிடுகையும் தென்னம் பன்னாடையையும் கொண்டுவந்து சிதையை மூட்டினார்கள். அவர்கள் யார் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது கதவடியில் அவள் கிடந்த இடம் வெறுமையாக இருந்தது. அத்தனை நெருக்கத்திலும் யாரும் அதில் கால் வைக்கவில்லை. வெளியே விறாந்தைச் சாரலில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றாள். அவளைக் கூப்பிட்டு அந்த இடத்தில் படுக்கச் சொன்னேன். அவள் தயங்கினாள். “இதிலை படும் பிள்ளை, காற்று வரும்,” என்றேன்.

குழந்தையை நடுவில் கிடத்திவிட்டு அவள் படுத்தாள். நான் வெளியே வந்து நின்றேன்.